பட்டினி கிடக்கும் பேட்டரிகள்: ஒரு கேரவனின் ஆம்பியர் கணக்கு

மாலை ஆறு மணிக்கு மீட்டரில் 12.9 வோல்ட். விடியற்காலை நான்கு மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கேரவன் வைத்திருப்பவர்கள் பலர், பேட்டரி வாங்கி நாலைந்து வருடம் ஆனதும் சொல்லும் புகார் இது. கடைக்குப் போனால் ஒரே வரியில் பதில் வரும்: பேட்டரி போச்சு, மாத்துங்க. 100 ஏ.எச். ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரி இரண்டு, தலா 300 டாலர் என்று வைத்தால் 600 டாலர். அந்தப் பதில் தவறில்லை, பேட்டரி போயிருக்கத்தான் செய்யும். ஆனால் ஏன் போனது என்று பார்க்காமல் 600 டாலரை இறக்கினால் புதுசும் அதே வேகத்தில் போகும். எனவே பழையதைக் கழற்றுவதற்கு முன் வரவு செலவை எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். கணவன் மனைவி இருவர் மட்டும். கூரையில் படுக்கைவாட்டில் 150 வாட் சோலார் பேனல் இரண்டு. அடியில் 12 வோல்ட், 100 ஏ.எச். பேட்டரி இரண்டு, இணையாக. ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி. அதைத்தான் கடையில் ஏ.எச். என்கிறார்கள். ஆக மொத்தம் 200 ஏ.எச். மெல்போர்னைச் சுற்றிய பகுதியில், ஜூலை மாதக் குளிரில், ஒரு நாள் செலவு இப்படி இருக்கும்:

ஃபிரிட்ஜ், ஓடும்போது 5 ஆம்பியர், நாளில் 30 சதவீத நேரம் ஓட்டம்: 36 ஏ.எச்.
எல்இடி விளக்கு ஆறு, தலா கால் ஆம்பியர், 5 மணி நேரம்: 7.5
டீசல் ஹீட்டரின் விசிறியும் பம்பும், மூட்டும்போது இழுப்பதும் சேர்த்து: 10
டிவி, 2 ஆம்பியர், 3 மணி நேரம்: 6
போன், டேப்லெட் சார்ஜ்: 6
தண்ணீர் பம்பு, 5 ஆம்பியர், 20 நிமிடம்: 1.7
இன்வெர்ட்டர், எதுவும் செருகாமல் சும்மா 'ஆன்' நிலையில், 0.8 ஆம்பியர், 24 மணி நேரம்: 19.2

கூட்டினால் 86.4. கடைசி வரியை இன்னொரு முறை பார்க்க வேண்டும். காலையில் ஒரு காபி போடுவதற்காகப் போட்ட இன்வெர்ட்டரை யாரும் அணைப்பதில்லை. டிவி, விளக்கு, பம்பு மூன்றும் சேர்ந்து தின்பதைவிட அது சும்மா இருந்தே அதிகம் தின்கிறது.

இனி வரவு. மெல்போர்ன் தென் அட்சரேகை 38 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் 29 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு ஒரு நாளில் கிடைப்பது, முழு வெயிலாக மாற்றிச் சொன்னால், சுமார் 2 மணி நேரம். கேபிள், சூடு, தூசி, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஆகியவற்றின் இழப்பெல்லாம் போக 70 சதவீதம் உருப்படியாகச் சேரும் என்று வைத்தால், 300 வாட் × 2 × 0.7 = 420 வாட்-மணி. சார்ஜாகும்போது பேட்டரியில் இருக்கும் சராசரி 13 வோல்ட்டால் வகுத்தால் 32 ஏ.எச்.

செலவு 86, வரவு 32. நாளுக்கு 54 ஏ.எச். பற்றாக்குறை. ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்ற வழக்கப்படி 200-இல் 100 தான் செலவழிக்கத் தக்கது. 100-ஐ 54-ஆல் வகுத்தால் 1.85 நாள். பேட்டரி பெட்டியிலிருந்து இறக்கிய அன்றைக்கே இந்த வண்டி இரண்டாம் இரவு முழுசாகத் தாங்காது என்று அர்த்தம். இன்வெர்ட்டர் சுவிட்சை மட்டும் அணைத்தால் பற்றாக்குறை 35-ஆகக் குறைகிறது. தாங்கும் காலம் 2.85 நாளாகிறது. ஒரு காசு செலவில்லாமல் ஒரு நாள் கூடுதல். 600 டாலர் கொடுத்துப் புது பேட்டரி வாங்கினாலும் இன்வெர்ட்டரை அணைக்காவிட்டால் அந்த ஒரு நாள் கிடைக்காது.

கோடையிலாவது கணக்கு நேராகுமா? ஜனவரியில் வெயில் 6.5 மணி என்று எடுத்தால் வரவு 105 ஏ.எச். ஹீட்டர் செலவு இல்லை, ஆனால் ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடும்: 60. விசிறிக்கு 4. மொத்தம் 104. வரவும் செலவும் சரி என்று தோன்றும். ஆனால் ஈய-அமில பேட்டரியில் 100 போட்டால் 100 எடுக்க முடியாது. ஏறக்குறைய 88 தான் திரும்பும். 104 எடுக்க 118 போட்டாக வேண்டும். அதாவது நல்ல கோடையிலும் நாளுக்கு 13 கடன். இங்கேயும் இன்வெர்ட்டரை அணைத்தால் செலவு 85, தேவை 97, வரவு 105. முதல் முறையாகப் பேட்டரி நிரம்புகிறது. வருடம் முழுக்க நிரம்பாத பேட்டரிக்கும் அடிக்கடி நிரம்பும் பேட்டரிக்கும் நடுவில் நிற்பது ஒரு சுவிட்ச்.

நிரம்பாவிட்டால் என்ன, பாதியாவது இருக்கிறதே என்று கேட்கலாம். ஈய-அமில பேட்டரிக்கு அந்தப் 'பாதி'தான் நோய். மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது கரைந்து மறுபடி ஈயமும் ஈய டை-ஆக்சைடும் ஆகிறது. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே செய்து காட்டிய நாளிலிருந்து இந்த வேதியியல் மாறவில்லை. படிந்த சல்ஃபேட் அன்றே கரைந்தால் சிக்கலில்லை. வாரக்கணக்கில் கிடந்தால் பெரிய படிகங்களாகி இறுகி, தகட்டின் அந்தப் பகுதி செயலற்றுப் போகிறது. 100 ஏ.எச். என்று ஒட்டியிருக்கும் பேட்டரி 80 ஆகி, 60 ஆகி, ஒரு நாள் 40 ஆகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

கடைசி 20 சதவீதம்தான் ஏறவே ஏறாது. 80 சதவீதம் வரை பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் 14.4 வோல்ட்டில் பிடித்து வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும். நாலைந்து மணி நேரம் பிடிக்கும். பகல் இரண்டு மணிக்கு 80-ஐத் தொடும் பேட்டரிக்கு, குளிர்காலச் சூரியன் ஐந்தேகாலுக்குள் இறங்கிவிடும் ஊரில், அந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வரும்? காரை இரண்டு மணி நேரம் ஓட்டி ஆல்டர்னேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம் என்பாரும் உண்டு. அது முதல் 80-க்கு உதவும். கடைசி 20-க்கு உதவாது. போதாததற்கு இப்போதைய கார்களில் பல, எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டை 13-க்கும் கீழே இறக்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட காருக்கும் கேரவனுக்கும் நடுவில், வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் பேட்டரி நிரம்ப வாய்ப்பில்லை.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் கேபிளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மாதிரி வண்டியில் கன்ட்ரோலர், அதன் திரை கண்ணில் படட்டும் என்று, அலமாரியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பேட்டரிக்கு 6 மீட்டர். போக வர 12 மீட்டர். போட்டிருப்பது 6 மி.மீ. ஆட்டோ கேபிள். இந்த 6 மி.மீ. என்பது செம்பின் அளவு அல்ல, மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பின் குறுக்குப் பரப்பு 4.6 சதுர மி.மீ.தான். 4 மி.மீ. என்று விற்பதில் 1.84 சதுர மி.மீ. தான். செம்பின் மின்தடை எண் 0.0172, அதை 12-ஆல் பெருக்கி 4.6-ஆல் வகுத்தால் 0.045 ஓம். 15 ஆம்பியர் ஓடும்போது வழியில் தொலைவது 0.67 வோல்ட். கன்ட்ரோலர் தன் வாசலில் 14.4 இருப்பதைப் பார்த்து வேலை முடியப்போகிறது என்று நினைக்கிறது. பேட்டரி முனையில் இருப்பதோ 13.73. நேரக் கணக்கில் ஓடும் சாதாரண கன்ட்ரோலர், பேட்டரி பாதிப் பசியில் இருக்கும்போதே மிதவைச் சார்ஜுக்கு, 13.6-க்கு, இறங்கிவிடும்.

இதைச் சோதிக்கத் திறமை எதுவும் வேண்டாம். நல்ல வெயிலில் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளில் ஒரு முறை, பேட்டரி டெர்மினலில் ஒரு முறை மல்டிமீட்டரை வைக்க வேண்டும். இரண்டுக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கேபிளோ, அதன் நுனியிலுள்ள உலோக லக்கோ, ஃபியூஸ் ஹோல்டரோ தின்கிறது. லக்கைக் கையால் தொட்டால் சூடாக இருக்கும். டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அதையும் சேர்த்துக் கழுவித் துடைக்க வேண்டும். மாற்று வழி இரண்டு. 13.5 சதுர மி.மீ. தடிமனான கேபிள் போட்டால் இழப்பு 0.23 வோல்ட்டாகிறது. அல்லது கன்ட்ரோலரையே கழற்றி, பேட்டரியிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் மாட்டினால், இருக்கும் அதே மெல்லிய கேபிளிலேயே இழப்பு 0.06-க்கு வந்துவிடும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்: நாலு ஸ்குரூ, ஒரு மதியம். திரையைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கன்ட்ரோலர் பழைய பிடபிள்யூஎம் வகையாக இருந்தால் இன்னொரு ஓட்டையும் உண்டு. 150 வாட் பேனல் தன் முழு வாட்டைக் கொடுப்பது 18 வோல்ட்டில், 8.33 ஆம்பியரில். பிடபிள்யூஎம், பேனலைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கிறது, 8.33 × 13 = 108 வாட். 42 வாட் கணக்கிலேயே வராது. எம்பிபிடி வகை அந்த மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். கோடையில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறி, அதன் வோல்ட்டே 15-ஐ ஒட்டி இறங்கிவிடுவதால் இந்த லாபம் சுருங்கும். குளிரில், மிகவும் தேவைப்படும்போது, பெருகும். மேலே 70 சதவீதம் என்று நான் போட்டது எம்பிபிடிக்கு உரிய கணக்கு. பிடபிள்யூஎம் வைத்திருப்பவர் 32-ஐ 25 என்று படித்துக்கொள்ளலாம்.

யூகலிப்டஸ் நிழலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோடையில் வண்டிக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று மரத்தடியில் நிறுத்துகிறார்கள். 36 செல் பேனலில் ஒரு கிளை நிழல் ஒரே ஒரு செல்லை மறைத்தாலும் அந்த வரிசையின் 18 செல்லும் வேலை நிறுத்தம் செய்யும். தெளிந்த நண்பகலில் நேரடி வெயிலைப் பொறுத்தவரை, நிழல் படாத தரையில் வடக்கு நோக்கி நிமிர்த்தி வைத்த மடக்குப் பேனல், ஜூனில் கூரைப் பேனலைப்போல வாட்டுக்கு இருமடங்கு கொடுக்கும். ஆகவே குளிர்கால ஊர்சுற்றிக்கு மூன்றாவது பேட்டரியைவிட 120 வாட் மடக்குப் பேனல் ஒன்று நல்ல முதலீடு.

சூடு ஒரு செலவு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் கையாளும் விதி. 45 டிகிரியில் வேகும் முன்பெட்டிக்குள் வைத்தால் 6 வருடப் பேட்டரி 1.5 வருடப் பேட்டரி. சூட்டுக்கேற்ப வோல்ட்டைக் குறைக்க கன்ட்ரோலருக்கு ஒரு வெப்ப உணரி வரும். பெட்டியில் வந்த அது பெட்டியிலேயே தூங்குவதைப் பல வண்டிகளில் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு பேட்டரிக்கு வருவோம். முதலில் இரண்டையும் பிரிக்க வேண்டும். இணைத்தபடி அளந்தால் இரண்டும் ஒரே வோல்ட்டைத்தான் காட்டும். ஒன்று நோயாளியா, இரண்டுமா என்று தெரியாது. மெயின்ஸ் சார்ஜரில் தனித்தனியே முழுசாக ஏற்றி, 12 மணி நேரம் எதுவும் இணைக்காமல் விட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மீட்டர் காட்டிய 12.9, தகட்டின் மேற்பரப்பில் தங்கியிருந்த தாற்காலிக வோல்ட். ஓய்வுக்குப் பின் காட்டுவதுதான் நிஜம். நல்ல ஏஜிஎம் 12.8-ஐ ஒட்டி நிற்கும். 12.4 என்றால் சார்ஜைத் தாங்கவில்லை. 10.7 என்றால் ஆறு செல்களில் ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது: 12.8-இலிருந்து ஒரு செல்லின் 2.1 கழிந்திருக்கிறது. அதற்கு வைத்தியமில்லை. அதோடு இணைந்திருந்த நல்ல பேட்டரியும் இரவெல்லாம் இதற்குள் வடிந்துகொண்டிருந்திருக்கும்.

ஆனால் வோல்ட் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இறுகிப்போன பேட்டரியும் 12.8 காட்டும். தண்ணீர்த் தொட்டியில் பாதி சேறு நிரம்பினாலும் மேல்மட்டம் அதே உயரத்தில்தான் நிற்கும். கொள்ளளவை அளக்க லோடு வேண்டும். 100 ஏ.எச். என்று தயாரிப்பாளர் சொல்வது 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்கும் வரை அளந்த கணக்கு. அதே 5 ஆம்பியரைப் பழைய கார் முன்விளக்கு பல்பு ஒன்று இழுக்கும். 55 வாட் எச்4 பல்பு 12 வோல்ட்டில் 4.6 ஆம்பியர். பல்பைப் பேட்டரியில் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்து, மணிக்கொரு முறை வோல்ட்டைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். கண்ணாடி கையைச் சுடும் அளவு சூடாகும், துணியருகே வைக்கக் கூடாது. புது பேட்டரி 21 மணி நேரம் ஓட்டும். 13 மணி நேரத்தில் 10.5-ஐத் தொட்டால் 60 ஏ.எச். 7 மணி நேரத்தில் தொட்டால் 32. தொட்ட உடனே பல்பைக் கழற்றி, அன்றைக்கே சார்ஜில் போட்டுவிட வேண்டும். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போன பேட்டரியை ஆயுள் முடிந்ததாகத் தொழிலில் வைத்துக்கொள்கிறார்கள். 60 ஏ.எச். இருந்தாலும் வார இறுதிப் பயணத்துக்கு அது உழைக்கும்.

மாதிரி வண்டியில் ஒன்று 74, மற்றது 32 என்று வந்தால் என்ன செய்வது? பலரும் 32-ஐத் தூக்கிவிட்டு ஒரு புதுசை 74-உடன் இணைப்பார்கள். அது வேண்டாம். பழையது புதுசைத் தன் அளவுக்கு இழுத்து இறக்கும். 74-ஐ மட்டும் தனியே வைத்து, இன்வெர்ட்டரை அணைத்து, ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கலாம். சுவரில் பேட்டரி மானிட்டர் இருந்தால் அதன் அமைப்பை 200-இலிருந்து 74-க்கு மாற்ற மறக்கக் கூடாது. அந்தக் கருவி வெளியே போன ஆம்பியரை எண்ணுகிறதே தவிர, உள்ளே எவ்வளவு கொள்ளும் என்று அதற்குத் தெரியாது. 120-ஆகச் சுருங்கிய இரட்டைப் பேட்டரியில் 100 எடுத்த பிறகும் அது '50 சதவீதம் மிச்சம்' என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

நம் வீட்டு இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரிக்கு மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம், ஹைட்ரோமீட்டர் வைத்து செல் செல்லாகப் பார்க்கலாம். மூடிய ஏஜிஎம்மில் அந்த வழியும் இல்லை. இறுகிய சல்ஃபேட்டை அடித்துக் கரைக்கும் என்று விற்கும் பல்ஸ் கருவிகளுக்குக் காசு கொடுப்பதைவிட, நல்ல மெயின்ஸ் சார்ஜரில் இரண்டு நாள் முழுசாக விட்டுவைப்பதே மேல். அண்மையில் படிந்தது அதில் ஓரளவு மீளும், பழையது மீளாது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஈயமா லித்தியமா? இங்கேதான் விளம்பரக் கணக்கும் வீட்டுக் கணக்கும் பிரிகின்றன. ஒரு பெயர்பெற்ற தயாரிப்பாளரின் தாளில், ஏஜிஎம் பாதிவரை இறக்கினால் 600 சுற்று, லித்தியம் இரும்பு பாஸ்பேட் 80 சதவீதம் இறக்கினால் 2,500 சுற்று. ஏஜிஎம் 100 ஏ.எச். ஒரு சுற்றுக்கு 0.6 யூனிட், ஆயுளில் 360 யூனிட். லித்தியம் 100 ஏ.எச். ஒரு சுற்றுக்கு 1.02 யூனிட், ஆயுளில் 2,560. விலை 300, 800 டாலர் என்று வைத்தால் யூனிட் 83 சென்ட்டுக்கு எதிராக 31 சென்ட். லித்தியம் ஜெயித்துவிட்டது.

வருடம் 60 நாள் மட்டும் போகிறவருக்கு? 600 சுற்று முடிய 10 வருடமாகும். ஏஜிஎம் அதற்குமுன், 6 வருடத்தில், வயதாலேயே போய்விடும் என்று கொள்வோம்: 360 சுற்று, 216 யூனிட், யூனிட் 1.39 டாலர். லித்தியம் 10 வருடம் நின்றால் 600 சுற்று, 614 யூனிட், யூனிட் 1.30 டாலர். வித்தியாசம் ஒன்பது சென்ட். வருடம் முழுக்கச் சாலையில் வாழ்கிறவருக்கோ ஏஜிஎம் ஒன்றரை வருடத்துக்குச் சற்று மேல், லித்தியம் 7 வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் யோசிக்கவே தேவையில்லை.

எடையையும் ஒரு பத்தியில் எழுத வேண்டும். இரண்டு ஏஜிஎம் 60 கிலோ. அதே 100 ஏ.எச். பயன்பாட்டைக் கிட்டத்தட்டக் கொடுக்கும் ஒரு லித்தியம் 12 கிலோவை ஒட்டி. வண்டியின் அனுமதித்த மொத்த எடையில் சாமானுக்கு என்று ஒதுங்குவது சில நூறு கிலோதான் என்னும்போது 48 கிலோ சின்ன எண் அல்ல. லித்தியத்துக்குப் பாதிச் சார்ஜில் கிடப்பது நோயுமல்ல. மேலே பார்த்த கடைசி 20 சதவீதத் தகராறு அதில் இல்லை. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, பழைய கன்ட்ரோலரில் வோல்ட்டை வேண்டுமென்றே உயர்த்தும் ஈக்வலைசேஷன் முறையை அணைக்க வேண்டும், பழைய மெயின்ஸ் சார்ஜரை மாற்ற வேண்டியிருக்கலாம். 2022-இல் வந்த ஏஎஸ்/என்இஸட்எஸ் 3001.2 தரநிலைப்படி, ஆட்கள் புழங்கும் பகுதிக்குள் திறந்தாற்போல் லித்தியம் பேட்டரியை வைக்க முடியாது. உள்ளே வைப்பதானால் உட்புறத்திலிருந்து அடைத்து, வெளிப்பக்கம் காற்று போகும்படி பெட்டி வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஏஜிஎம் இருந்த இடத்திலேயே 'அப்படியே மாத்திடலாம்' என்று யாராவது சொன்னால், அந்தப் பெட்டிக்கும் சார்ஜருக்கும் ஆகும் கூலியையும் 800-உடன் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். கூட்டினால் 60 நாள்காரருக்கு ஒன்பது சென்ட் லாபம் போய் நஷ்டமாகவும் ஆகலாம்.

கழற்றிய பழையதைக் குப்பையில் போட வேண்டாம். ஈய-அமில பேட்டரியின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஈயமும் ஈயக் கலவைகளுமே. இரண்டில் 36 கிலோ. பழைய உலோகம் எடுப்பவர்கள் கிலோ கணக்கில் காசு கொடுப்பார்கள். டெர்மினல்களில் டேப் சுற்றி, நிமிர்த்தி வைத்து, காரின் பின்பக்கத்தில் சாயாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும்.